பச்சை வாளியில் இருந்தது

என் வலது கைக் கட்டைவிரலில் இப்போது பாதி நகம்தான் இருக்கிறது. மீதி வளர்ந்துகொண்டிருக்கிறது. பேனா பிடிக்க முடிகிறது. சட்டைப் பொத்தான் போடுவதுதான் இன்னும் சிரமம். பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்கிறவர்கள், உடம்பில் ஏதாவது பட்டு மருத்துவமனைக்குப் போனால், முதல் கேள்வியே ‘என்ன பட்டது?’ என்பதுதான். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். இதை எழுதக் காரணம் அதுதான்.

மாலை நாளிதழ் ஒன்றில் நிருபராகவும் பிறகு உதவி ஆசிரியராகவும் இருந்தேன். பத்திரிகை நின்றுபோன பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு எவர்சில்வர் பட்டறையில் சேர்ந்தேன். பால் பண்ணைகளுக்குத் தொட்டி, ஓட்டல்களுக்கு அண்டா, மேசை என்று செய்து அனுப்பும் இடம். சரக்கு அனுப்பும் காகிதங்களைப் பார்ப்பது என் வேலை. ரசாயனங்களைத் தொடவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அந்தப் பட்டறையில் எந்த ரசாயனத்துக்கும் பெயர் கிடையாது. வாளியின் நிறம்தான் பெயர். தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டிய இடம் கருநீலமாகக் கறைபடும். அதை எடுக்கும் ஆசிட் சிவப்பு வாளியில் இருக்கும். அதன் பக்கம் ஜாபர் ஒருவர்தான் போவார், முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு. பச்சை வாளியில், சமையலுக்கும் சேர்க்கிற லெமன் சால்ட் கரைத்த தண்ணீர். வேலை முடிந்த சாமானைக் கடைசியாகத் துடைத்து மினுக்க அது. அதற்குக் கையுறை வேண்டாம். வெறுங்கையால் துணியை நனைத்துப் பிழிந்து யார் வேண்டுமானாலும் துடைப்பார்கள். “சிவப்பு எடு”, “பச்சை காலி” என்பதுதான் பேச்சு. யாரும் எதையும் தவறாகப் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லாவற்றையும் கழுவினார்கள். கிரைண்டிங் மெஷின், சுத்தியல், ஏணி, வாளிகள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி கடலை கொடுத்தார்கள். என் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பூஜை விடுமுறை முடிந்து பட்டறை திறந்த முதல் நாள் காலையில் லாரி வாசலில் நின்றது. ஏற்ற வேண்டிய பால் தொட்டியின் மூடியில் யாருடைய விரல் ரேகைகளோ வரிசையாகப் பதிந்திருந்தன. துடைக்க ஆளைக் கூப்பிட்டேன். எல்லாரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நானே பச்சை வாளியில் துணியை முக்கிப் பிழிந்து மூடியைத் துடைத்தேன். வாளியின் நெற்றியில் குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது. கையில் எரிச்சல் இல்லை, தண்ணீரில் நிறம் இல்லை. துணியை வாளி விளிம்பில் போட்டுவிட்டுக் காகிதங்களில் கையெழுத்து வாங்கப் போனேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் கை கழுவினேன்.

மாலை ரயிலில் கம்பியைப் பிடித்தபோது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வலி தெரிந்தது. அம்பத்தூரிலிருந்து, என் வீடு இருக்கும் அண்ணனூர் அதிக தூரமில்லை. இறங்குவதற்குள் கையை மாற்றிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வனஜா விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணுமே இல்லையேங்க. லேசா வெளுத்திருக்கு, அவ்வளவுதான்.”

“நகத்துக்கு அடியில இருந்து வலிக்குது.”

“இடிச்சிக்கிட்டீங்களா?”

“இல்ல.”

ஐஸ் தண்ணீரில் கையை வைத்தேன். வலி கூடியது. நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததைக் கண்டு வனஜா ஆட்டோ பிடிக்கப் போய்விட்டாள்.

ஆவடி சாலையில் நடுத்தரமான ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவில் நான்கு கட்டில்கள், வாசலைப் பார்த்த கண்ணாடிக் கதவு. பணியில் இருந்த டாக்டர் ஷீலாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும்.

“என்ன பட்டுச்சு சார்?”

“லெமன் சால்ட் கரைச்ச தண்ணி.”

“நிச்சயமா?”

“பச்சை வாளி டாக்டர். அதுல வேற எதுவும் இருக்காது.”

அவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். பத்திரிகையில் இருந்த காலத்தில், யார் சொன்னது என்று கேட்காமல் ஒரு வரியை அச்சுக்கு விட்டதில்லை. இங்கே சொன்னது நான்தான். அதனால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீரில் நெடுநேரம் கழுவச் சொன்னார்கள். இடுப்பில் ஊசி போட்டார்கள். ஊசி வேலை செய்யவேண்டிய நேரம் கடந்தும் வலி குறையவில்லை. டாக்டர் திரும்பி வந்து கட்டைவிரல் நகத்தை மெதுவாக அழுத்தினார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“சார், பாக்கறதுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்ல. இவ்வளவு வலின்னா தோல் வெந்திருக்கணும். லெமன் சால்ட்ல இப்படி வராது. உங்க கம்பெனில ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்னு ஏதாவது இருக்கா?”

இருந்தது. கொள்முதல் பில்களில் அந்தச் சொல்லை நான் பார்த்திருக்கிறேன்.

“இருக்கு டாக்டர். ஆனா அது சிவப்பு வாளி. நான் தொட்டது பச்சை.”

“நான் வாளியக் கேக்கல சார்.”

பிறகு பொறுமையாக விளக்கினார். மற்ற ஆசிட்கள் தோலை எரிக்கும், உடனே தெரிந்துவிடும். இது தண்ணீர் கலந்து நீர்த்திருந்தால் தோலில் பெரிதாக எதையும் காட்டாமல் உள்ளே இறங்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வலி வரும். உள்ளே போய் உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடிக்கும். சதையையும் எலும்பையும் அரிக்கும். அதிக அளவு இரத்தத்தில் கலந்தால் கால்சியம் இறங்கி இதயத்துடிப்பு தவறும். இதற்கு முறிவு மருந்து, வெளியிலிருந்து கால்சியம் கொடுப்பது.

“கால்சியம் ஜெல் தயார் பண்ணச் சொல்றேன், போட்டா நஷ்டமில்ல. ஆனா உண்மையிலேயே அதுதானா, எவ்வளவு ஸ்ட்ராங்குனு தெரிஞ்சாதான் இங்க வெச்சுப் பாக்கறதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதான்னு முடிவு பண்ண முடியும். விரல் போறதும் இருக்கறதும் அதுலதான் இருக்கு. வாளிய யார் ரொப்புறாங்களோ அவங்களக் கேளுங்க.”

நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயத்துடிப்பைக் கோடாகக் காட்டும் திரை தலைக்கு மேல் ஓடத் தொடங்கியது.

என் இடது கையால் முதலாளியை அழைத்தேன். முகப்பேரில் வீடு, நல்ல மனிதர். பதறிவிட்டார். “பச்சையா? அது லெமன் சால்ட்தானே சார்! இருங்க, மூட்டையோட போட்டோ என்கிட்டயே இருக்கு, அனுப்புறேன்” என்றார். சொன்னபடியே அனுப்பினார். எலுமிச்சைப் படம் போட்ட வெள்ளை மூட்டை. டாக்டர் என் போனை வாங்கிப் பார்த்தார்.

“இது ஜாம்ல போடுறது சார்” என்று திருப்பிக் கொடுத்தார்.

இப்போது தவறான தகவலுக்கு இரண்டு சாட்சிகள். இருவருமே உறுதியாகச் சொன்னோம். பத்திரிகையாக இருந்தால் செய்தி அச்சுக்குப் போயிருக்கும்.

வனஜா என் போனை எடுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். “ஓனரா வாளிய ரொப்புறாரு?” என்றாள். பூந்தமல்லியில் இருக்கும் ஜாபரை அழைத்தாள். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் இரண்டு வீட்டுக்கும் போய்வருவது வழக்கம். அவளுக்கு ஜாபரிடம் சுற்றிவளைத்துப் பேச வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஜாபர் தம்பி, அண்ணி பேசுறேன். இன்னிக்குக் காலைல பச்சை வாளில என்ன ஊத்துன?”

மறுபக்கம் ஒரு குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே ஜாபரின் குரல் வந்தது.

“ஏன் அண்ணி, இன்னா ஆச்சி?”

“அண்ணன் அதுல துணி நனைச்சித் தொடச்சிருக்காரு. ஆஸ்பத்திரில கீறோம்.” வனஜாவுக்குப் பதற்றம் வந்தால் பிறந்த வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

“யா அல்லா. வெறுங்கையாலயா? அண்ணி, அது சிவப்பு வாளித் தண்ணி. நான்தான் ஊத்தினேன்.”

“பச்சைல எதுக்குய்யா ஊத்துன?”

“பழைய சிவப்பு ஒடஞ்சி, புதுசு வாங்கியாந்தாங்கல்ல? அதுல தான் பூஜைக்குப் பொரி கொட்டி வெச்சாங்க. ஓனரே சொன்னாரு, புதுசா கீதே, இதுலயே கொட்டுன்னு. எல்லாரும் அதுலருந்துதான் வாரித் துன்னாங்க. சாமி பொரி வெச்ச வாளி அண்ணி. அதுல போயி ஆசிட் ஊத்த மனசு வரல. நான் ஊத்துனா தப்பாவும் ஆயிடும். ஒரு நாளுதானேன்னு பச்சைல ஊத்திட்டு, பக்கத்துல நின்ன பசங்ககிட்ட சொல்லிட்டேன். அண்ணன் ஆபீஸ் ரூமுல கீறாரு, அவரு எங்க தொடப்போறாருன்னு…”

வனஜாவின் முகம் மாறியது.

“அந்தப் பொரிய நானும் தின்னேனே!”

“ஐயோ அண்ணி, அது கடைலருந்து வந்த புது வாளி. ஆசிட் வாசனையே தெரியாது அதுக்கு.”

டாக்டர் போனைக் கையில் வாங்கினார். “ஆசிட்டோட பேரு என்ன?”

“அதெல்லாம் தெரியாது மேடம். கேன்ல இங்கிலீஷ்ல கீது.”

“கேன்ல ஒட்டியிருக்கிற காகிதத்த முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க. தண்ணி எவ்வளவு கலந்தீங்க?”

“ஒரு ஜக்கு ஆசிட்டுக்கு ரெண்டு ஜக்கு தண்ணி.”

“எப்பவும் அப்படியா, இன்னிக்கு மட்டுமா?”

“எப்பவும் அதான் மேடம்.”

“வேற யாராவது அந்த வாளியத் தொட்டாங்களா?”

“இல்ல மேடம். அண்ணன் கையக் காப்பாத்திடுங்க மேடம்.”

டாக்டர் என் பக்கம் திரும்பி, துணியை எவ்வளவு நேரம் வைத்திருந்தேன், கழுவுவதற்குள் எவ்வளவு நேரம் போனது, அந்தக் கையால் கண்ணைத் தொட்டேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். முதலில் எழுதிய வரியை ஒரே கோட்டில் அடித்தார். மறுபடி வலி ஊசி வேண்டுமா என்று செவிலியர் கேட்டதற்கு, வேண்டாம் என்றார்.

“இனிமே வலிய மறைக்கக் கூடாது சார். கால்சியம் சரியான இடத்துக்குப் போகுதான்னு எனக்குச் சொல்றது உங்க வலிதான். குறைஞ்சா வேலை செய்யுது. குறையலன்னா வேற வழி பாக்கணும். தாங்கிக்குவீங்களா?”

தாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அந்த மருத்துவமனையில் கால்சியம் ஜெல் குழாயாக இல்லை. ஆவடியில் இரண்டு மருந்துக் கடைகளில் விசாரித்தும் இல்லை. நரம்பில் போடும் கால்சியம் ஊசி மருந்து இருந்தது. ஸ்கேன் அறையிலிருந்து, வயிற்றில் தடவும் அந்தக் குளிர்ந்த ஜெல்லை ஒரு பாட்டில் கொண்டுவந்தார்கள். டாக்டரும் செவிலியரும் அறுவை சிகிச்சைக் கையுறைக்குள் இரண்டையும் ஊற்றிக் கலந்து, அதற்குள் என் கையை நுழைத்தார்கள். பசு மாட்டின் மடி போல உப்பிய கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். வனஜா சிரிக்கப் பார்த்து, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. ஜாபர். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் போய், முதலாளி வந்து பட்டறையைத் திறந்துவிட, அங்கிருந்து வருகிறார். பெட்ரோல் டாங்கின் மேல் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிய கேன். காவலாளி ஏகாம்பரம் கையை விரித்து மறித்தார்.

“யோவ், இன்னாய்யா அது? ஆசிட்டா? உள்ள போவாத. நில்லு அங்கியே.”

“அவசரம் நைனா, டாக்டர் கேட்டாங்க.”

“டாக்டர் கேட்டா ஆசிட்டத் தூக்கியாந்துடுவியா? புள்ளத்தாச்சிங்கலாம் ஒக்காந்துகினு கீது உள்ள. வெய்யி அந்தாண்ட.”

டாக்டர் வெளியே போனார். “போட்டோ போதும்னுதானே சொன்னேன்?”

“போட்டோ எட்த்தேன் மேடம். எழுத்து கலங்கலா வந்திச்சி. தப்பா பட்ச்சிட்டீங்கன்னா இன்னா பண்றதுன்னு கேனையே எட்த்துகினு வந்துட்டேன்.”

கேனை மரத்தடியில் வைத்து, ஏகாம்பரம் போனில் டார்ச் அடிக்க, டாக்டர் குனிந்து படித்ததைக் கட்டிலிலிருந்து பார்த்தேன். பெயர், எத்தனை பங்கு, வேறு என்ன கலந்திருக்கிறது, பட்டால் என்ன செய்ய வேண்டும் எல்லாம் அந்தச் சதுரக் காகிதத்தில் இருந்தது. அந்தக் கேனுக்குப் பக்கத்தில் நான் பல மாதங்கள் நடந்திருக்கிறேன். டாக்டர் தன் போனில் நிதானமாக மூன்று படங்கள் எடுத்து, யாரோ மூத்த மருத்துவருக்கு அனுப்பிப் பேசினார். உள்ளே வந்து, “அவ்வளவு ஸ்ட்ராங் இல்ல. பட்ட இடமும் சின்னது. இங்கயே பாக்கலாம்” என்றார். வனஜா முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்று நாள் வார்டில் இருந்தேன். ஆள்காட்டி விரல் அன்றே அடங்கிவிட்டது. வலி குறைவதைக் கவனித்துச் சொல்வது ஒரு வேலையாகவே ஆயிற்று. “பத்துக்கு எவ்வளவு?” என்று செவிலியர்கள் கேட்பார்கள். ஆள்காட்டி விரலுக்கு எட்டு, ஆறு, நான்கு என்று இறங்கிச் சொன்னேன். கட்டைவிரல் மட்டும் ஏழில் நின்றுவிட்டது. நகத்தின் அடியில் தங்கியதை ஜெல் எட்டவில்லை. மறுநாள் காலை அறுவை மருத்துவர் நகத்தின் பாதியை எடுத்து, கால்சியம் உள்ளே போக வழி செய்தார். மரத்துப்போக ஊசி போட்டால் வலியை அளக்க முடியாது என்பதால் மிகக் கொஞ்சமாகத்தான் போட்டார். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அன்று மதியம் செவிலியர் கேட்டபோது, மூன்று என்றேன்.

இரத்தத்தில் கால்சியம் அளவை அவ்வப்போது பார்த்தார்கள். திரையில் கோடு ஒழுங்காகவே ஓடியது. பக்கத்துக் கட்டில் பெரியவர், சர்க்கரை நோய்க்காகப் படுத்திருந்தவர், என் உப்பிய கையுறையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னா சார், பால் கறக்குமா?” என்றார். வனஜா ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஊட்டி நான் சாப்பிட்டதில்லை. இருவருக்கும் கூச்சமாக இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஊட்டினாள். நானும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் மாலை முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், பார்த்துக்கொண்டார். ஜாபர் ஏற்கெனவே வார்டு வாசலில் நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. முதலாளி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனால் எல்லாக் கட்டிலுக்கும் கேட்டது.

“உன்ன யாருய்யா வாளி மாத்தச் சொன்னது? இவ்வளவு வருஷ சர்வீஸ் உனக்கு. நாளைலருந்து வராத.”

ஜாபர் தலையைக் குனிந்தார். “பொரி வெச்ச வாளி சார்” என்று மட்டும் சொன்னார்.

“எந்தப் பொரி?”

“நீங்கதான சார் புது வாளில கொட்டச் சொன்னீங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் கையுறையைப் பார்த்தேன். வனஜாதான் பேசினாள்.

“சார், அவரு அன்னிக்கு வாயத் தொறந்து நான்தான்னு சொல்லலன்னா, லெமன் சால்ட்னு சொல்லிட்டு வீட்டுக்குத்தான் போயிருப்போம். நீங்க அனுப்புன படம் இன்னும் போன்ல இருக்கு.”

முதலாளி ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு ஜாபரிடம், “உள்ள வாய்யா. எதுக்கு அங்கயே நிக்கற?” என்றார். வேலை விஷயம் அதற்குப் பிறகு பேசப்படவில்லை.

நான் வேலைக்குத் திரும்பியபோது ஒவ்வொரு வாளியின் மேலும் பெயர் எழுதியிருந்தது, தமிழிலும் ஆங்கிலத்திலும். கேன் காகிதத்தின் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. பொரி வாளி சந்தனத்தோடு சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை என்று ஜாபர் சொன்னார். “பச்சை காலி” என்று இன்னமும்தான் கத்துகிறார்கள். வாய் மாற நாளாகும்.

கட்டு மாற்ற வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசி முறை போனபோது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அண்டை ஊர்த் தொழிற்பேட்டை ஒன்றிலிருந்து வந்தவர்கள். சீருடையில் இருந்த ஒருவரின் முன்கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது. உடன் வந்த மேற்பார்வையாளர் பதறிக்கொண்டு இறங்கினார்.

“ஏதோ மஞ்சத் தண்ணி பட்டுடிச்சிங்க, டிரம்முல இருந்து…”

ஏகாம்பரம் காயம்பட்டவரை உள்ளே அனுப்பிவிட்டு மேற்பார்வையாளரை மட்டும் நிறுத்தினார்.

“மஞ்சளு, பச்சைலாம் இங்க வாணாம். டிரம்முல இன்னா பேர் போட்டுகீது? தெரியாதா? போன் போடு. ஒட்டிகீற காயிதத்த முன்னால பின்னால ரெண்டு போட்டோ. கலங்கலா வேணாம், வெளிச்சத்துல எடுக்கச் சொல்லு. எவ்ளோ தண்ணி கலந்தீங்கன்னு கேளு. டிரம்மத் தூக்கிகினு வந்துடப் போறான், அதயும் சொல்லு.”

மேற்பார்வையாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கட்டு இல்லாத கட்டைவிரலைப் பிடித்து, முளைத்திருந்த நகத்தைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“வளருது சார்,” என்றார். “ஆனா உங்களால எனக்கு ஒரு வேலை ஜாஸ்தி.”